ஏழாம் மேசையின் ஒரு நிமிடம்

ஹைல்பாக்,
ஞாயிற்றுக்கிழமை, மழை

அன்புள்ள ஹேஃபலே ஐயா,

தேதி போடவில்லை என்று உறையைப் பிரித்ததுமே முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். சுளித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நீங்கள் மகளோடு இருக்கலாம் என்று கீல் நகரத்துக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. நம் கட்டடத்தில், உங்கள் பழைய வீட்டில் இப்போது ஓர் இளம் தம்பதி. மாடிப்படி கூட்டும் முறை அவர்களுக்கு வரும்போது, இது உங்கள் வாரம் என்று காட்டும் பலகையை அவர்கள் கதவில் மாட்டுகிறேன். அவர்கள் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். நீங்கள் இருந்தபோது பலகை மாட்டும் முன்பே படி பளபளக்கும்.

இப்போது விஷயம். என் மருமகள் அய்லின் ஹோர்ன்பெக் ஆலையில் தொழிலாளர் மன்றத் தலைவி ஆகியிருப்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் அவள் சமையலறைக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், ஒரு நகல் தாளை மேசைமேல் போட்டாள். உங்கள் கையெழுத்து. ஏழாம் மேசை, வால்வுக் கட்டை பொருத்துதல், ஒரு கட்டைக்கு 4.85 நிமிடம். பணியாளர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர்.

"அத்தை, இது நீங்கதானே?"

"நான்தான். அப்ப முடி கருப்பா இருந்துச்சு."

"முடிய விடுங்க. இந்த ஒரு தாளு நம்ம கழுத்துக்குக் கயிறு திரிச்சுக்கிட்டிருக்கு."

தலைமையகம் நம் ஆலையையும் சுலோவாக்கியாவில் உள்ள சகோதர ஆலையையும் மோதவிட்டிருக்கிறது. வால்வுக் கட்டையைக் குறைந்த செலவில் யார் செய்து தருகிறார்களோ, அவர்களுக்கே அடுத்த ஏழு வருட வேலை. நம் முந்நூற்றுப் பத்துப் பேரில் நூற்று நாற்பது பேருக்கு அதுதான் சோறு. அய்லினுக்கும் என் மகன் மார்க்குஸுக்கும் சேர்த்துத்தான். செலவை உங்கள் தாளின் நேரத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். இதுவரை நடந்த கணக்கில் குறுக்கே நிற்பது ஒரே ஒரு நிமிடம், அதுவும் உங்கள் தாளில் இருக்கிற நிமிடம்.

நாங்கள் அந்த வேலைக்கு 4.85 நிமிடம் எடுத்துக்கொண்டதே கிடையாது, அதைவிடச் சீக்கிரம் முடிப்போம் என்பதை நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? மதியம் ஒன்றரைக்குள் அன்றைய எண்ணிக்கையை முடித்துவிடுவோம். அதற்கு மேல் செய்த கட்டைகளின் சீட்டைக் கொடுக்காமல் மேசை இழுப்பறையில் சேர்த்து வைப்போம். முதுகுவலி நாள், குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடும் நாள், அப்போது எடுத்துக் கொடுப்போம். முன்நீர் என்று அதற்குப் பெயர்கூட வைத்திருந்தோம். அணைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் மாதிரி.

தாளில் உள்ள நேரம் சரிதானா, ஐயா? அதை மட்டும் எழுதுங்கள். அக்டோபர் இருபத்தைந்துக்குள் விலை சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நாற்பது வருடமாக "நீங்கள்", "உங்கள்" என்றே போய்க்கொண்டிருக்கிறோம். நம் இருவர் வீட்டிலும் இனி தப்பாக நினைக்க யாரும் இல்லை. "நீ" என்று சொல்லிக்கொண்டால் என்ன? வயதில் மூத்தவர் நீங்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ரோஸ்விதா கீன்ஸ்லே


கீல்,
19 செப்டம்பர் 2024, வியாழன், முற்பகல் 9.40

மதிப்பிற்குரிய கீன்ஸ்லே அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் நேற்று, 18ஆம் தேதி, முற்பகல் 11.20 மணிக்குக் கிடைத்தது. உறையின் முத்திரை 16ஆம் தேதியைக் காட்டுவதாலும், 15ஆம் தேதி ஹைல்பாக் வட்டாரத்தில் மழை பெய்ததாக நாளிதழ் கூறுவதாலும், கடிதம் 15ஆம் தேதி எழுதப்பட்டது என்று முடிவு செய்து உறையின் மேல் பென்சிலால் குறித்து வைத்துள்ளேன். இத்தகைய ஆராய்ச்சிக்கு என்னை ஆளாக்காதிருக்க அன்புடன் வேண்டுகிறேன்.

என் உடல்நிலை எண்பத்தொரு வயதுக்குரிய அளவில் உள்ளது. இங்கே ரொட்டி புளிப்பதில்லை. அவரைப்பயறுக் கூழுக்கு முட்டை நூடுல்ஸ் சேர்க்கலாம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். மாடிப்படியைக் கூட்ட ஒரு நிறுவனம் வருகிறது. மூலைகளை அது கண்டுகொள்வதில்லை. ஆகவே செவ்வாய்தோறும் நானே மூலைகளைக் கூட்டிவிடுகிறேன். என் மகள் உல்ரிகே இதற்காக என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள்.

இரண்டு ஆலைகளின் போட்டி குறித்து. கூலி அங்கே நம்முடையதில் ஏறத்தாழப் பாதி என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதை மட்டுமே சொல்பவர் கணக்கைப் பாதியில் விட்டவர். கழிவாகும் துண்டுகள், திரும்பி வரும் சரக்கு, மலைப்பாதையில் நிற்கும் லாரி, ஓர் அச்சை மாற்றி மறு அச்சைப் பூட்ட ஆகும் நேரம், பழுதான இயந்திரத்தருகே அதை அறிந்த ஆள் எத்தனை நிமிடத்தில் வந்து நிற்கிறார் என்பது ஆகிய அனைத்தையும் சேர்த்தே எடை போட வேண்டும். அவற்றில் நம் ஆலை தாழ்ந்ததில்லை. ஒரு நிமிடம்தான் குறுக்கே நிற்கிறது என்று அய்லின் அம்மையார் கூறுவது என் அனுபவத்துக்குப் பொருந்துகிறது.

இழுப்பறைகள் குறித்து. 1983 பிப்ரவரி 3 அன்று, பென்சில் தேடி, ஆறாம் மேசையின் இழுப்பறையைத் திறந்தேன். உடனே மூடிவிட்டேன். பென்சில் அங்கே இல்லை.

ஏழாம் மேசையின் தாள் முறைப்படி தயாரிக்கப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, கையெழுத்திடப்பட்டது.

தங்கள் கடைசிப் பத்தி குறித்து: அத்தகைய மாற்றங்கள் நேருக்கு நேர், கையில் கோப்பையுடன் செய்யப்படுபவை. அஞ்சல் வழியே செய்வது முறையன்று.

மிகுந்த மதிப்புடன்,
எபர்ஹார்ட் ஹேஃபலே


ஹைல்பாக்,
வெள்ளிக்கிழமை, செப்டம்பர் கடைசி

அன்புள்ள ஹேஃபலே ஐயா,

மாதம் போட்டிருக்கிறேன். முன்னேற்றம்தானே?

ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். லாரி இருக்கிறது, அச்சு இருக்கிறது, பென்சில்கூட இருக்கிறது. கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை.

அய்லின் ஆலை மேலாளர் டாக்டர் ஃபோக்டிடம் போனாள். நல்ல பையன்தான், நாற்பது வயதுகூட இருக்காது. ஆனால் மேலிடத்துக்கு நடுங்குகிறவன். அவள் வீட்டுக்கு வந்து அப்படியே நடித்துக் காட்டினாள்.

"நேரத்த மறுபடி அளக்கலாம் சார். நாலுக்குக் கீழதான் வரும்."

"அய்லின் மேடம், போட்டி வந்த மாசத்துல ஒரு நிமிஷம் திடீர்னு காணாமப் போகுதுன்னா தலைமையகத்துல என்ன சொல்வாங்க? எல்லா ஆலையும் காகிதத்துல ஓட்டப்பந்தயம் ஓடுதுன்னு சிரிப்பாங்க. முப்பத்தெட்டு வருஷமா நிக்கிற தாள் இது."

"தாள்தான் தப்பு."

"அதப் போட்டவரு சொல்லட்டும். அவரே தப்புன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நான் வாதாடுறேன்."

"யாரு, ஹேஃபலேவா? கல்யாணத்துக்கு வந்தா தேவாலய மணி எத்தன விநாடி பிந்தி அடிக்குதுன்னு குறிச்சு வைக்கிற மனுஷன் சார் அவரு!"

உணவுக்கூடத்திலும் ரெண்டு கட்சி. இப்போது ஏழாம் மேசையில் உட்காரும் ஸ்னெஜானா முரண்டு பிடிக்கிறாள்.

"நிமிஷத்தக் குடுத்துட்டா ஊக்கத்தொக போச்சு. இழுப்பற போச்சு. என் முதுகு உங்க முதுகா?"

"ஆலையே போயிட்டா அந்த நிமிஷத்த வச்சு ஊறுகாயா போடுவ?" என்றாள் அய்லின்.

"உனக்கென்னடி, நீ தலைவி!"

"தலைவிக்கு மட்டும் தனி ஆலையா கட்டி வச்சிருக்காங்க? நீ போற வாசல் வழியாத்தான் நானும் போகணும்."

அப்புறம் ரெண்டு பேரும் ஒரே தட்டில் கேக் தின்றார்களாம்.

ஐயா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அந்தத் தாள் தப்பு என்று எழுதிக் கொடுப்பீர்களா?

ரோஸ்விதா கீன்ஸ்லே


கீல்,
4 அக்டோபர் 2024, வெள்ளி, முற்பகல் 8.15

மதிப்பிற்குரிய கீன்ஸ்லே அம்மையாருக்கு,

நேற்று விடுமுறையாதலால் அஞ்சல் இல்லை. எனவே இக்கடிதம் ஒரு நாள் தாமதமாகிறது.

1968 ஏப்ரல் 1 முதல் 2006 மார்ச் 31 வரை நான் கையெழுத்திட்ட நேர அளவைத் தாள்கள் 2,316. ஒன்றுகூடத் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. தொழிலாளர் என்னை விரும்பவில்லை, இயக்குநர்களும் விரும்பவில்லை, ஆனால் இரு தரப்பும் என் எண்ணை ஏற்றுக்கொண்டனர். ஓய்வுபெற்றவனிடம் எஞ்சியிருப்பது அது ஒன்றே. இப்போது "தவறு செய்தேன்" என்று நானே எழுதிக் கொடுத்தால், மீதி 2,315 தாள்களையும் எவர் எப்படிப் பார்ப்பார்?

தாங்கள் கேட்பதை என்னால் எழுத இயலாது. வருந்துகிறேன்.

எபர்ஹார்ட் ஹேஃபலே

பி.கு. பலகையைக் கயிற்றால் கட்டாதீர்கள். மெல்லிய கம்பியால் கட்டினால் அவ்வளவு எளிதில் கழற்ற மாட்டார்கள். அடித்தள அறையில், இடப்புற அலமாரியின் இரண்டாம் தட்டில், நான் விட்டுவந்த கம்பிச் சுருள் இருக்கும்.


ஹைல்பாக்,
செவ்வாய், அக்டோபர் 8

ஐயா,

கம்பி இருந்தது. நீங்கள் சொன்ன தட்டிலேயே. நன்றி.

முப்பத்தொரு வருடம் உங்கள் தாள்களின் கீழ் வேலை செய்தவள் நான். உங்கள் எழுத்தைப் படிக்க எனக்குத் தெரியும். "என்னால் எழுத இயலாது" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். "தாள் சரி" என்று எழுதவில்லை. முதல் கடிதத்திலும் எழுதவில்லை. தயாரிக்கப்பட்டது, சரிபார்க்கப்பட்டது, கையெழுத்திடப்பட்டது என்று அடுக்கினீர்கள். "சரி" என்ற ஒரு சொல்லை இரண்டு கடிதத்திலும் சுற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள், தண்ணீர்க் குட்டையைச் சுற்றிப் போகிற பூனை மாதிரி.

பொய் எழுதத் தெரியாதவர் நீங்கள். அதனால்தான் உங்கள்மேல் எனக்கு, சரி, அது இங்கே வேண்டாம்.

நேற்று மார்க்குஸ் வேறு ஊரில் வேலைக்கு மனுப் போட்டான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நான் இனிமேல் கேட்க மாட்டேன்.

ரோஸ்விதா


கீல்,
11 அக்டோபர் 2024, வெள்ளி, பிற்பகல் 2.05

மதிப்பிற்குரிய கீன்ஸ்லே அம்மையாருக்கு,

இத்துடன் ஓர் அறிக்கை, கையெழுத்துடன் இரு பிரதிகள். ஒன்று அய்லின் அம்மையாருக்கு. மற்றொன்று டாக்டர் ஃபோக்டுக்கு. பதிவு அஞ்சலில் அனுப்பியுள்ளேன். அஞ்சலகத்தில் பதினேழு நிமிடம் நின்றேன். மூன்று முறை வரிசையை விட்டு வெளியேறி மூன்று முறை திரும்பினேன். இதில் வரிசையில் எனக்கு முன் நின்றவர்கள் அதிகரித்தார்களே தவிர வேறு பயன் விளையவில்லை.

அறிக்கையின் சாரம் இது. நேரம் அளப்பவன் கடிகாரத்தை மட்டும் படிப்பதில்லை. பணியாளர் இயல்பான வேகத்தில் செய்கிறாரா, குறைவாகச் செய்கிறாரா என்று தன் கண்ணால் மதிப்பிட்டு, நூற்றுக்கு இத்தனை என்று எழுதி, அந்த மதிப்பால் கடிகார நேரத்தைத் திருத்த வேண்டும். 1986 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, ஏழாம் மேசையில் கடிகாரம் காட்டியது 4.85 நிமிடம். நான் கண்ட வேகம் 78. தாளில் எழுதியது 100. சரியாக எழுதியிருந்தால் நேரம் 3.78 நிமிடம் ஆகியிருக்கும். வேறுபாடு ஒரு நிமிடமும் நான்கு விநாடியும். பிழை என்னுடையது மட்டுமே. மேசையில் இருந்த எவருக்கும் அதில் பங்கில்லை.

ஏன் அவ்வாறு எழுதினேன் என்று கேட்க வேண்டாம். அறிக்கையில் அதற்கு இடம் விடவில்லை.

அய்லின் அம்மையாருக்கு மூன்று சொற்கள் சொல்ல விரும்புகிறேன். அவர் கேட்கவில்லை, இருப்பினும் சொல்கிறேன். மறுஅளவை வெளியாட்கள் இருவரைக் கொண்டு, அந்த மேசைப் பெண்களின் ஒப்புதலுடன், ஒளிவின்றி நடக்கட்டும். ஏழு ஆண்டுக்கு எவரையும் வேலையை விட்டு நீக்குவதில்லை என்று எழுத்தில் பெற்ற பிறகே நிமிடத்தைக் கையளிக்கட்டும். ஊக்கத்தொகைக் குறைவை ஆலை படிப்படியாகவே பிடிக்கட்டும். நிமிடத்தைக் கடனாகக் கொடுக்கலாம், தானமாகக் கொடுக்கலாகாது.

மார்க்குஸிடம் மனுவைப் பற்றித் தெரியும் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் இருவர் ஒரே இரகசியத்தைத் தனித்தனியே சுமப்பது வீண் உழைப்பு.

எபர்ஹார்ட் ஹேஃபலே


ஹைல்பாக்,
ஞாயிறு, 27 அக்டோபர் 2024
கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிய நாள், காலை பத்து, புது நேரப்படி

அன்புள்ள ஹேஃபலே ஐயா,

தேதியைப் பார்த்தீர்களா? சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு டாக்டர் ஃபோக்ட் எழுந்து நின்றுவிட்டானாம். அன்றே தலைமையகத்துக்குத் தொலைபேசி போட்டான். 17ஆம் தேதி மறுஅளவை. அய்லின் எனக்கும் விருந்தினர் அட்டை வாங்கித் தந்தாள். வெளியிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும், ஆளுக்கொரு கடிகாரத்தோடு. அய்லின் எல்லோரையும் கூட்டி வைத்து, "யாரும் ஆமை வேஷம் போடக்கூடாது. இன்னைக்கு நிஜக் கை. புரிஞ்சுதா?" என்றாள். ஸ்னெஜானா உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள். ஏழு வருட உறுதிமொழி அதற்கு முந்தின நாளே கையெழுத்தாகிவிட்டது, நீங்கள் சொன்ன வரிசையில்.

முதல் அளவு என்ன வந்தது தெரியுமா? 4.70!

யாரும் ஏமாற்றவில்லை, ஐயா. கடிகாரம் "டிக்" என்றதும் கை தானாக மெதுவாகிவிடுகிறது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் பக்கத்து மேசைக்காரி சொல்லிக் கொடுப்பதே அதுதான். இப்போது வேகமாகச் செய் என்றால் கை கேட்க மாட்டேன் என்கிறது. ஸ்னெஜானா அழுதேவிட்டாள். "அக்கா, நான் வேணும்னு பண்ணல. விரலு மாவுல மாட்டின மாதிரி இருக்கு" என்றாள். மூன்று வாரத்துக்கு முன்னால் நிமிடத்தைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றவள்!

இரண்டாவது 4.62. அய்லின் நகத்தைக் கடிக்கிறாள். டாக்டர் ஃபோக்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான். நான் போய் மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டு, "ஏய், 1991 மாறுவேடத் திருவிழாவுல ஹேஃபலே ஐயா சந்தை நீரூற்றுக்குள்ள விழுந்த கதை தெரியுமாடி உங்களுக்கு?" என்று ஆரம்பித்தேன்.

"அவரா? அந்தக் கடிகாரக்காரரா?"

"அவரேதான். சூனியக்காரி வேஷத்துல. தொபுக்கடீர்னு விழுந்தாரு. எந்திரிச்சதும் முதல்ல கைக்கடிகாரத்தக் காதுல வச்சுப் பார்த்தாரு, ஓடுதான்னு!"

சிரிப்புச் சத்தத்தில் பெண்கள் கடிகாரத்தை மறந்தார்கள். கை தன்னால் ஓடியது. அந்தக் கதையை நான் நீட்டி முழக்கி முடிப்பதற்குள் பதினொரு கட்டை முடிந்திருந்தது. 3.80. அடுத்த நாள் கதையே இல்லாமல் 3.77.

இருபத்தைந்தாம் தேதி மாலை நாலு மணிக்கு விலையை அனுப்பிவிட்டார்கள். இனி காத்திருக்க வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. உணவுக்கூடத்தில் உங்கள் அறிக்கையின் நகலை யாரோ சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். "துல்லியத்தின் தாத்தாவே ஒரு நிமிஷம் கோட்டை விட்டாரு" என்று பேச்சு. சும்மா கேலிதான். ஆனால் நான் கேக்கைப் பாதியில் வைத்துவிட்டேன். எழுந்து வந்துவிட்டேன்.

ரோஸ்விதா


கீல்,
2 நவம்பர் 2024, சனி, முற்பகல் 10.30

மதிப்பிற்குரிய ரோஸ்விதா அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் 30ஆம் தேதியே கிடைத்தது. 31 அன்று இங்கே விடுமுறை, 1 அன்று அங்கே விடுமுறை. இரு விடுமுறைகளுக்கு நடுவே எழுதியும் பயனில்லை என்பதால் இன்று எழுதுகிறேன்.

நான் நீரூற்றில் விழுந்தது 1991-இல் அல்ல; 1992 மார்ச் 2, திங்கட்கிழமை. விழவும் இல்லை, தச்சர் சங்கத்தார் தள்ளினர். கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தது உண்மை. ஓடிக்கொண்டிருந்தது.

3.77 என்ற எண்ணைக் கண்டபோது எழுந்து ஜன்னலருகே சிறிது நேரம் நின்றேன். முப்பத்தெட்டு ஆண்டுக்கு முன் என் கண் 3.78 என்று சொல்லியிருந்தது. கை பொய் சொல்லியிருக்கலாம். கண் பொய் சொல்லவில்லை. இதை நான் எவரிடமும் சொல்ல இயலாது என்பதால் தங்களிடம் சொல்கிறேன்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒட்டப்பட்ட தாள் கோணலாக இருந்தால் மட்டும் தயவுசெய்து நேராக்கிவிடுங்கள்.

எபர்ஹார்ட் ஹேஃபலே


ஹைல்பாக்,
வெள்ளி, 6 டிசம்பர் 2024, மாலை 5.10

அன்புள்ள எபர்ஹார்ட் ஐயா,

கிடைத்துவிட்டது! 2031 முடிய வால்வுக் கட்டை நம்முடையது. இன்று பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஏழாம் மேசையில் ஸ்னெஜானா இழுப்பறையை உருவிக் கவிழ்த்து, கடைசிச் சீட்டுகளை எல்லோர் தலையிலும் பூ மாதிரி தூவினாள். டாக்டர் ஃபோக்ட் பார்த்தான். "இது என்ன?" என்று கேட்டான். "திருவிழாத் தாள் சார்" என்றாள் அய்லின். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். நல்ல பையன்.

மார்க்குஸ் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

இப்போது இரண்டு மாதமாக மறைத்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். அறிக்கையைக் கேட்டு உங்களை நச்சரித்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் "தொழிலாளர்கள் திட்டம் போட்டு ஏமாற்றினார்கள்" என்று ஆகிவிடும், அய்லினின் பேச்சு எடுபடாது என்று வாயை மூடிக்கொண்டேன். பழி முழுவதும் உங்கள் தலையில் விழ விட்டேன். சுவரில் ஒட்டியது உங்கள் பெயரை. ஒட்டியிருக்க வேண்டியது என் பெயரை.

1986-இல் நீங்கள் அளக்க வந்த அன்று என் கையில் கட்டு இருந்தது, நினைவிருக்கிறதா? கட்டை விரலில் வெட்டு என்று சொன்னேன். வெட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு வாரத்துக்கு முன்பே ஆறிப்போன காயம். மேசைக்காரிகள் எல்லோரும் சேர்ந்து போட்ட திட்டம் அது. கட்டு இருந்தால் கை மெதுவாகப் போவதற்குக் காரணம் இருக்கும். ஹேஃபலே கறார் ஆள், ஆனாலும் காயம்பட்டவளைக் கசக்க மாட்டார் என்று கணக்குப் போட்டோம். நீங்கள் இரக்கப்பட்டு 100 என்று எழுதினீர்கள். நாங்கள் அன்று மாலை பியர் குடித்துச் சிரித்தோம். உங்கள் மனைவி இர்ம்கார்டுக்கு நோய் என்று எனக்கு அதற்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது. அதிலிருந்து அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

உங்கள் 2,316 தாள்களில் ஒரே ஒரு தப்புத் தாள், அதையும் நான்தான் செய்ய வைத்தேன்.

எழுதாமல் இருந்தாலும் புரிந்துகொள்வேன். ஆனால் எழுதுங்கள்.

ரோஸ்விதா


கீல்,
10 டிசம்பர் 2024, செவ்வாய், பிற்பகல் 3.00

அன்புள்ள ரோஸ்விதா,

1986 அக்டோபர் 14 அன்று அளவை முற்பகல் 9.10-க்குத் தொடங்கியது. 12.00 முதல் 12.30 வரை உணவு இடைவேளை. பிற்பகல் 2.30-க்கு முடிந்தது.

காலையில் கட்டு உங்கள் இடக்கையில் இருந்தது. உணவுக்குப் பிறகு வலக்கையில் இருந்தது.

ஆம், சாப்பிடுவதற்காகக் கழற்றிவிட்டு, திரும்பக் கட்டும்போது கை மாற்றிக் கட்டிவிட்டீர்கள். மேசையில் இருந்த அறுவரில் எவரும் அதைக் கவனிக்கவில்லை. நீங்களும் இன்றுவரை கவனிக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து அறிகிறேன். வலக்கட்டைவிரலை நீட்டிக்கொண்டு, முகத்தில் அவ்வளவு வேதனையுடன், திருகாணியை இடக்கையால் எடுக்கத் தடுமாறினீர்கள். காலை முழுவதும் அதே வேதனையுடன் அதே திருகாணியை வலக்கையால் எடுக்கத் தடுமாறியவர்.

நான் பென்சிலைக் கீழே போட்டேன். அது தவறி விழுந்ததாக எல்லோரும் நினைத்தார்கள். மேசைக்கு அடியில் குனிந்து சுமார் அரை நிமிடம் இருந்தேன். ஏனென்றால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை அடக்க இயலவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 21 அன்று மருத்துவர் இர்ம்கார்டின் நோயின் பெயரைச் சொன்னார். அன்று முதல் அக்டோபர் 14 வரை நான் ஒரு முறையும் சிரித்ததில்லை. நானே எண்ணி வைத்திருந்தேன். எண்ணுவது என் தொழில். மேசைக்கு அடியிலிருந்து எழுந்தபோது 78 என்று எழுத வேண்டிய இடத்தில் 100 என்று எழுதினேன். ஏமாந்து எழுதவில்லை. இரங்கியும் எழுதவில்லை. எனக்குக் கிடைத்ததற்கு ஈடாக ஏதேனும் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. என் கையில் கொடுக்க இருந்தது நிமிடம் மட்டுமே.

அன்று மாலை வீட்டுக்குப் போய் இர்ம்கார்டிடம் கட்டின் கதையைச் சொன்னேன். அவளும் சிரித்தாள். அடுத்த ஈராண்டில் பலமுறை, "அந்தக் கட்டுக்காரி கதையச் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிச் சிரித்தாள். ஆகவே நீங்கள் பியர் குடித்துச் சிரித்த அந்த மாலைக்காக வெட்கப்பட வேண்டாம். அதே மாலையில் எங்கள் வீட்டிலும் சிரிப்பு இருந்தது.

அறிக்கையில் காரணத்துக்கு இடம் விடாதது ஏன் என்று இப்போது விளங்கியிருக்கும். ஒரு சிரிப்புக்கு ஒரு நிமிடம் நான்கு விநாடி மிக அதிகமான விலை. தொழில்முறையில் மன்னிக்க இயலாதது. அறிக்கையை எழுத நான் தயங்கியது பெயர் கெடும் என்பதால் மட்டுமன்று. அந்த ஒரு தாளை மட்டும் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வேண்டுகோள். உணவுக்கூடச் சுவரிலுள்ள நகலை எடுத்துவிட வேண்டாம். அதன் அருகே உங்கள் பெயரையும் எழுத வேண்டாம். இரகசியம் இருவரிடம் இருந்தால் போதும்.

டிசம்பர் 21, சனிக்கிழமை, பிற்பகல் 3.52-க்கு என் ரயில் ஹைல்பாக் வருகிறது. அட்டவணைப்படி. ரயில்வே இப்போது எப்படி ஓடுகிறது என்பதை நாம் இருவரும் அறிவோம், எனவே 4.40-க்கு முன் கவலைப்பட வேண்டாம். ஜனவரி 2 வரை தங்குவதாக உல்ரிகேயிடம் சொல்லியிருக்கிறேன். அவள் காரணம் கேட்டாள், மாடிப்படி என்று சொன்னேன். விடுதியில் அறை பதிவு செய்துள்ளேன். அந்த வாரம் கூட்டும் பலகையை என் பழைய கதவில் மாட்டாமல் உங்கள் கதவிலேயே மாட்டிவையுங்கள். இரண்டு வாரமும் நான் கூட்டுகிறேன், மூலைகள் உட்பட. கோப்பைகள் இரண்டு என்னிடம் உள்ளன. பழையவை, சமமான உயரம், அளந்து பார்த்தேன்.

அன்று 21ஆம் தேதி மாலை, அந்தக் கோப்பைகளுடன், நேருக்கு நேர் சொல்ல வேண்டியதை முறைப்படி சொல்வேன். இருப்பினும், எண்பத்தொரு வயதில் பதினொரு நாளை நம்பி எதையும் தள்ளிவைப்பது கவனக்குறைவு என்பதால், ஒரே ஒரு வாக்கியத்தை முன்நீராக இங்கேயே வைத்துவிடுகிறேன்:

ரோஸ்விதா, நீ கதவைத் திறக்கும்போது எந்தக் கையிலும் கட்டு இருக்கக் கூடாது; இருந்தால், எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிடும், இந்த முறை நான் குனிய மாட்டேன்.

எபர்ஹார்ட்